சந்தனமாரி நிற்கும் தரை

தூத்துக்குடி உப்பளத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கூலிக்கு உப்பு வாருகிற சந்தனமாரி என்கிற பெண்மணியை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சூனியக்காரியாக்கிவிட்டார்கள். ஆக்கியவர் சிற்றுருவக் கலை மன்றத்தின் நடுவர் ரங்கப்பிரசாத். ஆக்கிய இடம் வாட்ஸப். ஆளை நேரில் வைத்துச் செய்யவில்லை. மகள் பொன்செல்வி ஒன்றேகால் அங்குல உயரத்தில், கம்பிமேல் மாவு அப்பி உருட்டி வண்ணம் தீட்டிய உருவம் ஒன்றின் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தாள், அந்தப் படத்தை வைத்துச் செய்தார். உருவம் சின்னது, அதனால் அநியாயமும் சின்னதுதானே என்று யாராவது கேட்டால் பொன்செல்வி அவரை உட்காரவைத்து வாதாடுவாள், சாப்பாட்டு மணி அடித்தாலும் விடமாட்டாள். நடுவரின் செய்தி அவளுக்கு மனப்பாடம். “வேலைப்பாடு நன்று. ஆனால் பனிப்பரப்பில் ஒரு பெண் கையில் நீண்ட கோலோடு வெறுங்காலில் நிற்பதற்கு நடைமுறை விளக்கம் ஏதும் தென்படவில்லை. செருப்புகூட இல்லாமல் ஏன் நிற்கிறார்? ஆகவே இப்படைப்பை ‘மனிதரும் தொழிலும்’ பிரிவிலிருந்து ‘கற்பனை உலகம்’ பிரிவுக்கு, ‘பனிச் சூனியக்காரி’ என்ற தலைப்பில் மாற்றியிருக்கிறோம். ஆட்சேபம் இருந்தால், உருவம் நிற்கும் தளத்தைத் திருத்தி, அதன் படத்துடன் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும்.” அந்த ‘நன்று’தான் அவளை அதிகம் எரித்தது. நன்றாம். அம்மாவைக் கொண்டுபோய் டிராகனுக்கும் மூன்று தலைப் பூதத்துக்கும் நடுவில் நிறுத்திவிட்டு நன்றாம். இன்று ஞாயிறு. மணி இரண்டு.

விடுதி அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்திருந்தாள். தாள்மேல் முப்பது முப்பத்தைந்து டப்பிகள், மருந்து டப்பி, குங்குமச் சிமிழ், மூடி உடைந்த பொட்டு டப்பா, எல்லாவற்றிலும் தரை. தரைக்கான தூள் என்று சொல்ல வேண்டும், ஆனால் அவள் மனசுக்குள் தரை என்றுதான் சொல்லிக்கொள்வாள். உருவம் நிற்கிற வட்டத் தட்டு நாலு சென்டிமீட்டர், பழைய ஒரு ரூபாய்க் காசைப்போல ஒன்றரை மடங்கு, அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது என்று பார்க்கிறவனை நம்பவைக்க வேண்டும். கட்டிலில் நிலோஃபர் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தாள். “ராஜினாமா பண்றேன்டி. உன் ரூம்மேட் வேலையை ராஜினாமா பண்றேன். எங்க ஆம்பூர்லகூட இப்படி வெந்தது கிடையாது.” “ஃபேனைப் போட்டா எங்கம்மா நிக்கிற இடம் பறந்துரும்.” “உங்கம்மா பறந்தா சூனியக்காரின்னு அவர் சொன்னது சரியாப்போயிடும்ல” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. பொன்செல்வி திரும்பி முறைத்தாள், துண்டுக்கு முறைப்பு தெரியாது. முறைத்த கண் அப்படியே கீழே இறங்கி ரவை டப்பிமேல் நின்றது. ரவையை வைத்தால் என்ன. நகச் சாயக் குச்சியில் ஒரு துளி பசையைத் தொட்டுப் பழைய அட்டையில் தடவி, ரவையைத் தூவி, அட்டையைத் தட்டி, கண்ணருகில் கொண்டுவந்தாள். அட்டைமேல் எலுமிச்சையளவு கற்கள் கிடந்தன. வேறெப்படி இருக்கும், அம்மாவை ஐம்பதில் ஒன்றாகச் சுருக்கினால் ரவையை ஐம்பது மடங்கு ஊதத்தானே வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து அவளால் ஒரு பொருளையும் சும்மா பார்க்க முடிவதில்லை. மெஸ்ஸில் தேங்காய்த் துருவலைப் பார்த்தால் வெட்டிச் சாய்த்த மரக்கட்டைகள். வடிகட்டிய தேயிலைச் சக்கை காய்ந்தால் இலையுதிர்ந்த காடு. முட்டையோட்டை நசுக்கினால் பாளம் பாளமாக வெடித்த ஏரிப்படுகை, சாதாரணக் கோழி முட்டைக்குள் எத்தனை வறண்ட ஏரி. செங்கல்லைத் தேய்த்தால் செம்மணல் தேரிக்காடு வருகிறது, திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் ஜன்னலில் அடிக்கிற அதே சிவப்பு. உலகத்தில் ஒவ்வொன்றும் தன்னைவிடச் சின்ன ஒருத்தருக்குத் தரையாக இருக்கத் தயாராகக் காத்துக்கொண்டிருக்கிறது. இது முதல்முதலாகப் புரிந்த அன்று, இரண்டு வருடம் முன்னால், நூலகத்துப் படிக்கட்டில் காலை வைக்கக் கூசி நின்றுவிட்டாள். இந்தப் படி எந்தப் பெரியவளுடைய டப்பியிலிருந்து தூவியது, தெரியாதே.

தெரியாததை விடு, தெரிந்ததைப் பேசு. பேச வேண்டியதை அவள் போனில் தட்டி வைத்திருந்தாள், ஏழு பாயிண்ட். ஒன்று, தமிழ்நாட்டு நடுவருக்கு வெள்ளையைப் பார்த்தால் உப்பு ஞாபகம் வராமல் பனி ஞாபகம் வருவது எப்படி, அவர் பனியை எந்த ஊரில் மிதித்தார். இரண்டு, தினமும் மூன்று வேளை இலையில் விழுகிற பொருள் எங்கே விளைகிறது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் எந்த டிராகனுக்கு எத்தனை நகம் என்று தெரியும். மூன்று, கோல் என்று அவர் எழுதியது கோல் அல்ல, உப்பு வாருகிற பலகையின் கைப்பிடி. நுனியில் பலகை இருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது, கண்ணிருந்தால். கண்ணிருந்தால் என்பது கொஞ்சம் அதிகமோ. அதிகமில்லை. போன மாதம் துறைக் கருத்தரங்கில் இதைவிட அதிகமாகப் பேசி ஒரு பேராசிரியரைத் தண்ணீர் குடிக்க வைத்தவள்தான். நான்கு, ஒரு தொழிலாளியைக் கற்பனை என்று வகைப்படுத்துவது வெறும் பிழை அல்ல, அது ஒரு அரசியல். இந்த நாலாவதை எழுதியபோது அவளுக்கே ஒரு சிலிர்ப்பு வந்தது. இப்போது படித்தாலும் வருகிறது, ஆனால் அந்தச் சிலிர்ப்புக்கு அடியில் என்னவோ உறுத்துகிறது, செருப்புக்குள் போன ஜல்லி மாதிரி. எடுத்துப் பார்க்கவும் பயம், நடக்கவும் முடியவில்லை. ஏழு பாயிண்டும் சரி. எல்லாமே சரியாக இருக்கிறபோது ஏன் உறுத்துகிறது.

சரி, தரையைப் பார்ப்போம். உப்புக்கு உப்பையே வைத்தால் போயிற்று என்று முதலில் தோன்றியது, எல்லாருக்கும் தோன்றும், வைத்துப் பார்த்தாயிற்று. தூளுப்பின் ஒரு மணி உருவத்துக்குச் சரியாகக் கல்லுப்பு அளவு, அதைப் பார்த்து அன்றைக்குப் பொன்செல்வி வாயைப் பிளந்தாள். நம் கடைசித் தூள் அதற்கு முதல் கல். ஆனால் சென்னைக் காற்றில் இரண்டு நாளில் அது வியர்த்துக் கரைந்து, கெண்டைக்கால் வரை ஏறி, சேலை ஓரத்து வண்ணத்தைத் தின்றுவிட்டது. உண்மையான பொருள் உண்மையாக நடந்துகொள்வதில்லை என்று நிலோஃபரிடம் தத்துவம் பேசி, புதுச் சேலை தீட்டினாள். படிகாரத்தைப் பொடித்தாள், அது கண்ணாடிச் சில் மாதிரி மினுக்கியது, நகைக்கடை வாசல்போல. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி வட்டமாக வெட்டி ஒட்டினாள், பெயரிலேயே உப்பு இருந்ததால் நம்பினாள், அது தார்ச்சாலையாகத்தான் கிடந்தது. மைதா மஞ்சளித்தது. சாக்பீஸ் செத்த வெள்ளை, அதில் வெயிலே படவில்லை. கடைசியில் எதை வைத்தாள். எதையோ வைத்துத்தானே படம் எடுத்து அனுப்பினாள், மெத்மெத்தென்று, விரலால் தொட்டால் அமுங்குமோ என்கிற வெள்ளை, அந்த வெள்ளை கிடைத்தபோது அப்பாடா என்றிருந்தது. எந்த டப்பி அது. கை டப்பிகளுக்குமேல் ஊர்ந்துபோய் மூலையில் இருந்த இருமல் மாத்திரை டப்பியை எடுத்தது. சமையல் சோடா, வெள்ளைப் பசை, வெள்ளை வண்ணம், மூன்றையும் குழைத்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. மூடிமேல் வெள்ளைப் பட்டை ஒட்டி, அதன்மேல் நீலப் பேனாவில், அவளுடைய சொந்த, வட்ட வட்டமான கையெழுத்தில் எழுதியிருந்தது: பனி.

அறையில் காற்று அசையவில்லை. நிலோஃபர் தூங்கிவிட்டாள்போல, துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கியது. பொன்செல்வி மூடியைப் பார்த்தாள். மூடி அவளைப் பார்த்தது. அவர் தப்பாகப் பார்க்கவில்லை. பனி செய்யும் முறையில் பனி செய்து, அதன்மேல் அம்மாவை நிறுத்தி, உப்பு என்று தானே நம்பி அனுப்பியது யார். முதல் பாயிண்ட் போயிற்று. இரண்டு போயிற்று. நாலாவது, அரசியல், அது இருக்கிறது, ஆனால் இப்போது அதன் விரல் இந்தப் பக்கம் நீள்கிறது. ஏன் அந்த டப்பியை எடுத்தேன். வெள்ளையாக இருந்தது, எடுத்தேன். உப்பளம் வெள்ளைதானே. வெள்ளைதானா. அவள் கண்ணை மூடி உப்பளத்தை நினைத்துப் பார்த்தாள், மூடிய கண்ணுக்குள் வந்ததும் மூடிய கண்தான். பத்து வயது, பள்ளிக்கூடம் லீவு, அம்மா மறந்துவிட்டுப்போன தூக்குவாளியைக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவோடு போனது. வரப்பில் ஏறினதும் முகத்தில் ஒரு அடி, யாரோ பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து அவள் கண்ணில் திருப்பினமாதிரி. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் பார்த்தாள். விரல் ஓரத்துச் சிவப்பு, அதற்கப்பால் ஒரு வெள்ளை நெருப்பு, அதற்குள் கறுப்பாக ஏழெட்டு கோடுகள், அதில் எந்தக் கோடு அம்மா என்று தெரியவில்லை. எம்மா என்று கூப்பிட்டாள், ஒரு கோடு திரும்பியது. அவ்வளவுதான் அவள் பார்த்த உப்பளம். அந்த விரலிடுக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பேசியிருக்கிறாள், கல்லூரி மேடையில், கருத்தரங்கில், நான் உப்பளத் தொழிலாளியின் மகள் என்று ஆரம்பித்தால் கூட்டம் அமைதியாகிவிடும், அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும். அம்மா கண்ணைத் திறந்துகொண்டு அதற்குள் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறாள். என்ன பார்த்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பயமாக இருந்தது, நடுவரைப் பற்றிய பயமில்லை, ஐந்து மணியைப் பற்றியதும் இல்லை. போனை எடுத்தாள்.

“என்னட்டி, இந்நேரம் கூப்புடுத. ஒடம்புக்கு எதும் சரியில்லையா?” என்றாள் அம்மா. பின்னால் குழாயடிச் சத்தம், குடம் நகர்கிற சத்தம். “ஒண்ணுமில்லம்மா. உப்பளத்துத் தரை என்ன நெறம்?” குடம் நின்றது. “எந்நேரத்துல கேக்க?” அப்படி ஒரு கேள்வி திரும்பி வரும் என்று பொன்செல்வி எதிர்பார்க்கவில்லை. நிறத்துக்கு நேரம் உண்டு என்று ஏழு பாயிண்டில் ஒரு பாயிண்ட்கூட இல்லை. “எல்லா நேரமும் சொல்லு.” “விடியங்காட்டி எறங்குனம்னா பாத்தித் தண்ணி ரோஸு. பீட்ரூட்ட வேகவச்ச தண்ணில இன்னொரு கொடம் தண்ணிய ஊத்துனா எப்படி, அப்படி. எட்டு மணி ஆவட்டும், அந்த ரோஸ யாரோ உறிஞ்சிக் குடிச்சாப்ல போயிரும். பதினோரு மணிக்கு நெறமே கெடையாது. பாக்குறதுக்கு ஒண்ணுமே இருக்காது, வெளிச்சந்தான் கெடக்கும். சாயந்தரம் நாங்க அங்கன நிக்க மாட்டோம், ஆனா பஸ்ஸுல வாரப்பப் பாத்துருக்கேன், வாளை மீனு வவுறு கணக்கா மினுங்கும். ஏன் கேக்க, பரிச்சைல வந்திருக்கா?” பொன்செல்வி மேசைமேலிருந்த டப்பிகளைப் பார்த்தாள். வெளிச்சந்தான் கெடக்கும். எத்தனை டப்பி சேர்த்தாலும் அதற்கு ஒரு டப்பி கிடையாது. சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும், உருவம் செய்ததை, அனுப்பியதை, பனியை, சூனியக்காரியை. அம்மா சிரித்தாள், குழாயடியில் இருந்த யாரிடமோ “ஏளா, என்னைய சூனியக்காரின்னு எழுதியிருக்காவளாம் மெட்ராஸ்ல” என்று சொல்லிச் சிரித்தாள். “நல்லதாப் போச்சு. நாளைக்குக் கணக்கப்பிள்ளட்ட சொல்லுதேன், கொஞ்சம் பயந்து நடப்பாரு.” “சிரிக்காதம்மா. செருப்பில்லாம நிக்கியாம், அதான் கற்பனையாம்.” சிரிப்பு நின்றது. “செருப்போட பாத்திக்குள்ள எப்படிட்டி எறங்குவாவ?” என்றாள், சோற்றுப் பானைக்குள் எப்படிச் செருப்போடு இறங்குவார்கள் என்று கேட்கிற மாதிரி. “எல்லாரும் பூட்ஸு போடணும்னுதானம்மா கருத்தரங்குல நாங்க கேக்கோம். சட்டத்துலயே இருக்கு.” “வாருறதுக்குப் போடலாம், குடுத்தா. நான் அதச் சொல்லல. அடியில உள்ள தரை, அத யாரு செஞ்சதுன்னு நெனச்ச?” “தரையா? அது இருக்கும்ல.” “இருக்குமாம்ல. மழ முடிஞ்சு வந்து பாரு என்ன இருக்குன்னு. முட்டளவு சேறு இருக்கும். அத நாங்க மிதிப்போம். பதினஞ்சு பேரு தோளோட தோளு நிப்போம், ஒருத்தி குதிங்காலு பட்ட எடத்த ஒட்டி அடுத்தவ குதிங்காலு, ஒரு வெரக்கட எடைவெளி விடக்கூடாது. இந்தக் கரையில இருந்து அந்தக் கர வரைக்கும். காய விட்டு மறுவடியும் மிதிப்போம். திரும்ப மிதிப்போம். தட்டு கணக்கா எறுகுனாத்தான் மேல தண்ணி கட்டுவாவ. எறுகலன்னு வையி, உப்போட சேறு ஏறி வந்துரும், வெள்ளையா வராது. காலுக்குத்தான் தெரியும் எங்க எறுகியிருக்கு எங்க பொதபொதன்னு கெடக்குன்னு. செருப்புக்கு என்ன தெரியும்?” பிறகு குடம் மறுபடி நகர்ந்தது. “சரி, தண்ணி வந்துட்டு. சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்று சொன்னாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. போன் மேசைமேல் இருந்தது. தை மாதம், வீட்டுக்குள் அம்மா பாதத்தின் வெளிஓரத்தை மட்டும் ஊன்றி, வாத்து மாதிரி நடப்பாள், பனிக்காலத்து வெடிப்பு என்று சொல்வாள், மகளும் நம்பி ஒரு வருடம் வாசலின் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் காலுக்கு அடியில் ஏக்கர் கணக்கில் தரை இருந்திருக்கிறது. நடந்துபோன தரையல்ல, செய்த தரை. நாட்டுக்கே போகிற வெள்ளைக்கு அடியில், கண்ணுக்கே தெரியாமல், குதிகால் குதிகாலாக ஒட்டிச் செய்த ஒரு தட்டு, எத்தனை குதிகால், பதினைந்து பெண்கள், எத்தனை வருடம், எண்ணப்போனால் தலை சுற்றியது, அவள் எண்ணவில்லை, நாற்காலியின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். உப்பு மேலே வந்து போகிற விருந்தாளி. வாரிக்கொண்டு போவார்கள். தரைதான் இருக்கிறது. அவள் மேலே எதைத் தூவலாம் என்று டப்பி டப்பியாகத் தேடியிருக்கிறாள், கீழே ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல். மணி நாலு அடிக்கப் பத்து.

குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்சீல், வாளி வைக்கிற மாடத்தில் பாதி இருந்தது. இரண்டு துண்டையும் கிள்ளிச் சேர்த்துப் பிசைந்தாள், சாம்பல் நிறத்துக்கு வந்தது, களிமண் காய்ந்தால் வருகிற அதே சாம்பல், வண்ணமே தேவையில்லை. அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். வட்டத் தட்டில் அப்பி, கட்டைவிரலால் பரப்பினாள். கட்டைவிரல் ரேகை பெரிய பெரிய வரப்புகளாக விழுந்தது, ராட்சசி மிதித்த வயல். கூடாது. குண்டூசித் தலையால் குத்தினாள், அம்மைத் தழும்பு. பிளேடால் பழைய பனியிலிருந்து உருவத்தை நெம்பி எடுத்தாள், பாதத்துக்கு அடியில் ஒட்டியிருந்த அந்த மெத்மெத்தான வெள்ளை அடையாகப் பெயர்ந்து விழுந்தது, உள்ளங்கால் வெளியே வந்தது. போன மாதம் தானே செய்த பாதம், குதிகால் அரிசி நுனியளவு. அம்மாவை இடுப்பில் பிடித்து, தலைகீழாக்காமல், நேராக, தட்டின் ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்தினாள். எடுத்தாள். ஒரு சின்னக் குழி. அதை ஒட்டி இன்னொன்று. இடைவெளி விடாதே. இன்னொன்று. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரு வரிசை முடிய முதுகு வலித்தது, நாலு சென்டிமீட்டருக்கே. அடுத்த வரிசை முன் வரிசையின் விளிம்பைக் கரைத்தது, குழி மறைந்து மட்டமாகிக்கொண்டே வந்தது. இது எந்தத் தூளிலும் கிடைக்காத மேனி, வழவழப்பும் இல்லை சொரசொரப்பும் இல்லை, மிதிபட்டு மிதிபட்டு அடங்கியது. விரல் நுனியில் அவளுக்கு இப்போது தெரிந்தது எங்கே இறுகியிருக்கிறது எங்கே இன்னும் இளக்கம் என்று, அம்மாவின் காலின்வழியாகத் தெரிந்தது. வாதாட யாருமே இல்லாத ஒரு இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, கோயில் என்று சொல்ல மாட்டாள், அந்தச் சொல்லோடு அவளுக்குச் சண்டை உண்டு, வேறு சொல்லும் வரவில்லை. “என்னடி பண்ற, பொம்மையை வச்சு டான்ஸ் ஆடுறியா?” நிலோஃபர் துண்டை எடுத்துவிட்டு எழுந்து வந்தாள். பக்கத்தில் நின்றாள். மூச்சுக்கூடத் தட்டின்மேல் படாமல் முகத்தைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே என்ன தூவுவது. கோலமாவு இருந்தது, வெள்ளைக் கல்லை அரைத்தது, கரையாது, வியர்க்காது, வெயில் பட்டால் மட்டும் ஒரு பொறி. மெல்லிய துணியில் சலித்து, பலகையின் முன்னால் ஒரு கோடாக மட்டும் கூட்டினாள், வாரி ஒதுக்கினது போல. மற்ற இடம் முழுக்கத் தரை. ஒரு மூலையில் ரோஸ் கலந்த வார்னிஷ் ஒரு துளி, விடியற்காலை கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று. அம்மாவைக் கடைசி வரிசையின்மேல் நிறுத்தி, எம்சீல் இறுகும்வரை பிடித்திருந்தாள். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் படம் எடுத்தாள். நாலு ஐம்பது. போனில் ஏழு பாயிண்டையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். “ஐயோ, அரசியல் பாயிண்டையுமா?” என்றாள் நிலோஃபர், “அது நல்லா இருந்துச்சேடி.” “நல்லாத்தான் இருந்துச்சு. அத வேற எடத்துல பேசிக்கலாம்.” தட்டினாள், நிறுத்தினாள், ஒரு வரியை எடுத்தாள், மறுபடி தட்டினாள். நடுவர் ரங்கப்பிரசாத்துக்கு நாலு ஐம்பத்தாறுக்குப் போன பதில் இது:

“ஐயா, நீங்கள் பார்த்தது பனிதான். பனி செய்கிற கலவையைத்தான் நான் வைத்திருந்தேன், தவறு என்னுடையது. தளத்தை மாற்றிவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன். இது தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தி. நிற்பவர் பெயர் சந்தனமாரி, தொழிலாளி; தலைப்பில் அந்தப் பெயரைப் போடுங்கள். செருப்பில்லாமல் ஏன் நிற்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தரை அவர் மிதித்துச் செய்தது.”